சிறுநீரை அடக்குவதும் ஒரு பயிற்சியே

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)

"ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது" என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. அது உண்மைதான். ஆயினும் சற்று எண்ணிப் பார்த்தால், நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் சிறுநீரை அடக்கிக்கொண்டுதான் வாழ்கிறோம் என்பது விளங்கும். வகுப்பில் ஒரு மணி நேரம் அமர்ந்து பாடம் கேட்பதும், பாப்பிரெட்டிப்பட்டியில் பேருந்து ஏறி மஞ்சவாடிக் கணவாய் வழியாகச் சேலம் போய்ச் சேர்வதும் அதனால்தான் இயலுகின்றன. கைக்குழந்தைக்கு இத்திறன் இல்லை. இரண்டு மூன்று வயதில் தாய் பழக்கிய பின்னரே வருகிறது. ஆகவே சிறுநீரை அடக்குவது பிறவியோடு வந்ததன்று. நாம் கற்றுக்கொண்ட ஒன்று.

கற்ற இத்திறனை ஒரு நோய் பறித்துக்கொண்டால் என்ன செய்வது? மீண்டும் கற்பிக்க முடியுமா? ஓரளவு முடியும் என்கிறது இன்றைய மருத்துவம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எனப்படும் தண்டுவட மரப்பு நோயால் சிறுநீர்க் கட்டுப்பாட்டை இழந்தவர்களுக்கு, இடுப்பின் அடித்தளத் தசைகளைப் பயிற்றுவித்து அத்திறனை மீட்டுக்கொடுக்கும் முறையைப் பற்றி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பேசக் கூச்சப்படும் பொருள்தான். ஆனால் அந்தக் கூச்சமே நோயைவிட அதிகத் துன்பம் தருகிறது என்பதால் இதனை எழுதத் துணிந்தேன்.

அணையும் மதகும்

சிறுநீர்ப்பை வேலை செய்யும் விதத்தை நம் வாணியாறு அணையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சேர்வராயன் மலையிலிருந்து வரும் நீர் அணையில் தேங்குகிறது. மதகு மூடியிருக்கும்வரை தண்ணீர் நிற்கிறது. நீர்மட்டத்தைக் காவலர் பார்த்து மேலிடத்துக்குத் தெரிவிக்கிறார். மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததும் மதகு திறக்கப்படுகிறது.

நம் உடலில் இரு சிறுநீரகங்களும் இடைவிடாது சிறுநீரைப் பிரித்துச் சிறுநீர்ப்பைக்கு அனுப்புகின்றன. வளர்ந்தவர் ஒருவரின் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 400 முதல் 500 மி.லி. வரை கொள்ளும். அதில் பாதியளவு நிறையும்போதே முதல் உணர்வு தோன்றும். பையின் சுவர் ஒரு தசையால் ஆனது. அதற்கு டெட்ரூசர் என்று பெயர். பை நிறையும்போது இத்தசை தளர்ந்து இடங்கொடுக்க வேண்டும். வெளியேற்றும்போது சுருங்கிப் பிழிய வேண்டும். பையின் வாயில் இரண்டு மதகுகள் உள்ளன. உள்மதகு தானே இயங்குவது. வெளிமதகு நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. பேருந்தில் நாம் இறுக்கிப் பிடித்துக்கொள்வது இந்த வெளிமதகைத்தான்.

இங்கே காவலர் வேலையைச் செய்வது தண்டுவடத்தின் அடிப்பகுதியில் உள்ள நரம்பு மையம். மேலிடம் மூளை. பை நிறைந்த செய்தி அடி மையத்திலிருந்து தண்டுவடத்தின் வழியே மேலேறி மூளைக்குப் போகிறது. இப்போது இடமும் நேரமும் சரிதானா என்று மூளையின் முன்பகுதி தீர்மானிக்கிறது. சரியென்றால், மூளைத்தண்டில் உள்ள பான்ஸ் என்னும் பகுதி ஒரே நேரத்தில் இரண்டு உத்தரவுகளைக் கீழே அனுப்புகிறது. 'பையே, சுருங்கு' என்பது ஒன்று. 'மதகே, திற' என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒத்து நடந்தால்தான் சிறுநீர் தடையின்றி வெளியேறும். குழந்தைக்கு இந்த மேலிடத் தொடர்பு இன்னும் முதிரவில்லை. எனவே பை நிறைந்தவுடன் தானே திறந்துகொள்கிறது.

தந்திக் கம்பி பழுதானால்

மூளைக்கும் தண்டுவடத்தின் அடிக்கும் இடையே செய்தி கொண்டுசெல்லும் நரம்பிழைகளின் மேல், மின்கம்பிக்கு ரப்பர் உறை போல, மையலின் என்னும் கொழுப்புறை சுற்றியிருக்கிறது. நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காப்புப் படையே வழிதவறி இந்த உறையைத் தாக்கி அழிப்பதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உறை அழிந்த இடங்களில் தழும்பு விழுந்து மரத்துப் போகிறது. செய்தி தாமதமாகிறது; சில இடங்களில் நின்றே போகிறது. பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஷார்க்கோ 1868-ஆம் ஆண்டில் இந்நோயைத் தனி நோயாக வரையறுத்து விளக்கினார்.

இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயன்று. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. அதாவது கல்லூரியிலும் முதல் வேலையிலும் இருக்கும் பருவத்தில். ஆண்களைவிடப் பெண்களை அதிகம் தாக்குகிறது. உலகில் சுமார் 28 இலட்சம் பேர் இந்நோயோடு வாழ்கின்றனர் என்று 2020-இல் கணக்கிடப்பட்டது. குளிர்நாடுகளைவிட இந்தியாவில் இது குறைவு. குறைவு என்பதனாலேயே இங்கு எளிதில் அடையாளம் காணப்படுவதில்லை. கண் மங்குவது, கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, காரணமின்றிக் களைப்பது என்று வந்து வந்து போகும் குறிகளை, 'உடம்பு பலவீனம்' என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம்.

இந்நோயுற்ற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு எப்போதேனும் சிறுநீர்த் தொல்லை வருகிறது. தழும்பு விழுந்த இடத்தைப் பொறுத்து அது மூன்று விதமாக அமையும்.

முதலாவது, அவசரம். மேலிடத்தின் கட்டுப்பாடு தளர்வதால், பை பாதி நிறையும் முன்னரே டெட்ரூசர் தசை தானாகத் துடித்துச் சுருங்குகிறது. கழிவறைக்கு ஓடுவதற்குள் துணி நனைந்துவிடுகிறது. பகலில் பலமுறை, இரவிலும் பலமுறை எழ வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, தேக்கம். பை சுருங்கும் ஆற்றலை இழப்பதால் சிறுநீர் முழுவதும் வெளியேறாமல் தங்குகிறது. தங்கிய நீர் கிருமிகளுக்கு விளைநிலமாகிறது.

மூன்றாவது, முரண். பை சுருங்கும் அதே நேரத்தில் மதகும் இறுகிக்கொள்கிறது. அவசரமாக ஓடிப் போய் உட்கார்ந்தும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. உள்ளே அழுத்தம் ஏறுவதால் காலப்போக்கில் சிறுநீரகத்துக்கும் தீங்கு நேரலாம்.

இவை எவற்றிலும் நோயாளியின் மன உறுதிக்குக் குறைவில்லை. 'கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?' என்று வீட்டார் கேட்பது, அறுந்த கம்பியைப் பார்த்து ஏன் செய்தி கொண்டுவரவில்லை என்று கேட்பதற்கு ஒப்பாகும்.

தூளி போன்ற ஒரு தசை

இனி, பயிற்சிக்கு உரிய தசையைக் காண்போம். இடுப்பெலும்பின் அடிப்பக்கம் திறந்திருக்கிறது. அத்திறப்பை மூடி, முன்னே மறைவிட எலும்பிலிருந்து பின்னே வால் எலும்புவரை, குழந்தையைத் தாங்கும் தூளி போல ஒரு தசைத்தளம் பரந்து கிடக்கிறது. இதுவே இடுப்பின் அடித்தளத் தசை. சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும், பெண்களுக்குக் கருப்பையையும் இது தாங்கி நிற்கிறது. இவற்றின் வாய்களை இறுக்கி மூடவும் உதவுகிறது. இது கை கால் தசைகளைப் போல நம் விருப்பத்துக்குக் கட்டுப்பட்டது. கட்டுப்பட்டது எதையும் பயிற்சியால் வலுப்படுத்தலாம்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்டு கெகல், பிள்ளைப்பேற்றுக்குப் பின் சிறுநீர் கசியும் பெண்களுக்கு இத்தசையைப் பயிற்றுவித்து, அதன் பயனை 1948-இல் வெளியிட்டார். தசை சுருங்கும் வலிமையை அளந்து காட்ட ஒரு கருவியையும் அமைத்தார். இன்றும் இப்பயிற்சி அவர் பெயராலேயே வழங்குகிறது. நம் நாட்டு ஹடயோக முறையில் மூலபந்தம் என்று சொல்லப்படும் பழக்கமும் இதே பகுதியை உள்ளே இழுத்துப் பிடிப்பதுதான். யோகியர் அதனை வேறு நோக்கத்துக்குச் செய்தனர். ஆயினும் அத்தசையை விருப்பப்படி இயக்கலாம் என்பது நம் முன்னோருக்குப் புதியதன்று.

பழுது நரம்பில் இருக்கும்போது தசையைப் பயிற்றுவித்து என்ன பயன் என்ற வினா இங்கே எழும். விடை இரண்டு. இந்நோயில் கம்பிகள் யாவும் அறுந்துவிடுவதில்லை; பல இழைகள் எஞ்சியிருக்கின்றன. திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி, எஞ்சிய இழைகளைக் கொண்டு தசையை நன்கு இயக்கக் கற்பிக்கிறது. இது முதல் விடை. இரண்டாவது இன்னும் சுவையானது. அடித்தளத் தசையை நாம் இறுக்கும்போது, அங்கிருந்து தண்டுவடத்தின் அடி மையத்துக்கு ஒரு செய்தி போகிறது. 'மதகு மூடியிருக்கிறது, பையே அமைதியாக இரு' என்பது போன்றது அது. அதைக் கேட்டு டெட்ரூசர் தசையின் துடிப்பு அடங்குகிறது. மேலிடத்து உத்தரவு சரியாக வந்து சேராத நிலையிலும், கீழேயுள்ள இக்குறுக்குவழி பல நோயாளிகளுக்கு வேலை செய்கிறது. மேல் வாசல் அடைபட்டால் பக்கத்து வாசல் வழியே உள்ளே போவதைப் போன்றது இது.

முதலில் அளந்து பார்த்தல்

பயிற்சி தொடங்குமுன் எவ்வகைத் தொல்லை என்று அறிய வேண்டும். சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கேன் மூலமே காணலாம். 100 மி.லி.க்கு மேல் மிஞ்சினால் தேக்கம் இருப்பதாகக் கொண்டு அதற்குரிய வழியைப் பார்ப்பர். சிறுநீரில் கிருமி உள்ளதா என்ற சோதனையும் தேவை. கிருமி இருந்தால் அதுவே அவசரத்தை உண்டாக்கும். முதலில் அதனைத் தீர்க்க வேண்டும்.

அடுத்தது, மூன்று நாள் குறிப்பேடு. நோயாளி தாமே எழுதுவது. எத்தனை மணிக்கு என்ன பருகினார், எவ்வளவு பருகினார், எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தார், அளவு என்ன, எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பவற்றை ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதினால் போதும். அளக்க ஓர் அளவுக் குவளை வேண்டும். மருத்துவரிடம் 'அடிக்கடி போகிறது' என்று சொல்வதைவிட, 'பகலில் பதின்மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 100 மி.லி.' என்று காட்டுவது எத்தனை தெளிவு! அறிவியல் மாணவர்களாகிய நமக்கு அளவீட்டின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னர் இயன்முறை மருத்துவர் அடித்தளத் தசையின் வலிமையைப் பார்ப்பார். நோயாளியின் இசைவு பெற்று, விரலால் தொட்டு அறிவதே வழக்கம். பெண் நோயாளி, பெண் மருத்துவர் வேண்டும் எனக் கேட்கலாம். உடன் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். இச்சோதனை ஏன் முக்கியம் என்றால், சிலருக்கு இத்தசை தளர்ந்திராமல் விறைத்தே கிடக்கும். அவர்களுக்கு மேலும் இறுக்கும் பயிற்சி தீங்காகும். தளர்த்தும் பயிற்சியே வேண்டும். ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் தாமே சிகிச்சை தொடங்கிவிடலாகாது.

பயிற்சி செய்யும் முறை

தசையை அடையாளம் காண்பதே முதற்பாடம். வயிற்றிலிருந்து பிரியும் காற்றையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் தடுப்பதுபோல உள்ளிழுத்து மேலே தூக்க வேண்டும். அப்போது இறுகுவதே அத்தசை. வயிறு, தொடை, பிட்டம் ஆகியவை இறுகக் கூடாது. மூச்சை அடக்கக் கூடாது. நல்ல பயிற்சி செய்பவரைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

பயிற்சி இரு வகை. ஒன்று மெதுவானது. தசையை இறுக்கி இரண்டு மூன்று விநாடி வைத்திருந்து, அதே அளவு நேரம் முழுவதும் தளர்த்த வேண்டும். வாரங்கள் செல்லச் செல்ல இதனைப் பத்து விநாடிவரை உயர்த்தலாம். மற்றொன்று விரைவானது. சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவது. மெதுவானது நெடுநேரம் தாங்கும் ஆற்றலைத் தருகிறது. விரைவானது இருமல், தும்மல், திடீர் அவசரம் ஆகியவற்றைச் சமாளிக்க உதவுகிறது. ஒரு வேளைக்கு எட்டு முறைக்குக் குறையாமல், நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதமேனும் தொடர்ந்து செய்ய வேண்டும் என்பது பொதுவான அளவு. இறுக்குவதைப் போலவே தளர்த்துவதும் பயிற்சியின் பாதி என்பதை மறக்கலாகாது.

இந்நோயாளிகளுக்குச் சில தனிக் கவனங்கள் உண்டு. அவர்கள் விரைவில் களைப்பர். உடல் சூடேறினால் பழுதுற்ற நரம்புகள் இன்னும் மோசமாக வேலை செய்யும். ஆகவே நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில், நடுப்பகலில் செய்வதைவிட, விடியற்காலையில் பாயில் படுத்த நிலையிலேயே தொடங்குவது நல்லது. பிறகு உட்கார்ந்தும் நின்றும் செய்யப் பழகலாம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாக வைத்துக்கொள்வது தவறு. அது பையில் நீர் தங்க வழிசெய்யும்.

தசை வலுப்பெற்ற பின், அவசரத்தை அடக்கும் வித்தை கற்பிக்கப்படுகிறது. அவசரம் வந்ததும் ஓடுவதே இயல்பு. ஓட்டம் பையை மேலும் குலுக்கும். அதற்கு மாறாக நின்ற இடத்தில் நிற்க வேண்டும். முடிந்தால் உட்கார வேண்டும். தசையை ஐந்தாறு முறை விரைவாக இறுக்கி விட வேண்டும். கவனத்தைத் திருப்ப நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வரலாம். அவசரம் ஓர் அலை போன்றது. எழும், உச்சிக்குப் போகும், தணியும். தணிந்த பின் மெதுவாக நடந்து கழிவறைக்குப் போக வேண்டும். பிறகு, ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் உள்ள இடைவெளியைக் கால் மணி நேரம் கால் மணி நேரமாக வாரந்தோறும் நீட்டிக்கலாம்.

தண்ணீரைக் குறைக்கலாமா?

நம் பக்கத்தில் சிறுநீர்த் தொல்லை உள்ள பெண்கள் முதலில் செய்வது தண்ணீர் குடிப்பதை நிறுத்துவதுதான். மஞ்சள் காட்டிலோ குச்சிக்கிழங்குக் காட்டிலோ பகல் முழுவதும் வேலை. அருகில் மறைவிடம் இல்லை. வெளியூர் போனால் பேருந்து நிலையக் கழிவறை எப்படியிருக்குமோ என்ற அச்சம். எனவே காலையில் குடித்த காப்பியோடு மாலைவரை காலம் தள்ளுகின்றனர்.

இது நேர்மாறான பலனையே தரும். நீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிப் பையின் உட்சுவரை உறுத்தும், அவசரம் கூடும். கிருமி பெருகும். காய்ச்சல் வந்தால் உடல் சூட்டினால் நோயின் பழைய குறிகள் யாவும் மீண்டும் தலைதூக்கும். மலச்சிக்கல் ஏற்பட்டு, முக்குவதால் அடித்தளத் தசை மேலும் தளரும். ஆகவே நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் நீர், வெயிலில் உழைப்பவர் அதற்கு மேலும், சிறிது சிறிதாகப் பகலில் பருக வேண்டும். இரவு படுப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் குறைத்துக்கொள்ளலாம். குறைக்க வேண்டியவை காப்பியும் தேநீரும்தான். அவற்றிலுள்ள காஃபின் பையைத் தூண்டுகிறது. கீரையும் களியும் பழமும் மலச்சிக்கலைத் தடுக்கும்.

பலனும் எல்லையும்

இப்பயிற்சியின் பயன் சோதனைகளால் ஆராயப்பட்டுள்ளது. பிரேசில் நாட்டில் இந்நோயுற்ற 27 பெண்களை இரு பிரிவாக்கி 12 வாரம் நடத்திய ஆய்வு 2010-இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற பிரிவில் கசிவும், இரவில் எழும் தடவைகளும் குறைந்தன. தசை வலிமை கூடியது. வட அயர்லாந்தில் 74 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. அதில் எல்லோரும் தசைப் பயிற்சி செய்தனர். அதோடு ஒரு பிரிவினருக்கு மெல்லிய மின்தூண்டலும், மற்றவர்க்குப் போலித் தூண்டலும் தரப்பட்டன. ஒன்பது வாரத்தில் மின்தூண்டல் பெற்றவர்களின் கசிவு 85 விழுக்காடும், மற்றவர்களின் கசிவு 47 விழுக்காடும் குறைந்தன. இவை சிறிய ஆய்வுகளே. ஆயினும் மருந்தின்றி, தீங்கின்றி இவ்வளவு கிடைப்பது சிறிதன்று.

எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இப்பயிற்சி நோயைக் குணப்படுத்தாது. நோய் தரும் ஒரு துன்பத்தைத்தான் குறைக்கும். நோய் முற்றாத நிலையில், தசையை ஓரளவேனும் உணர்ந்து இறுக்க முடிந்தவர்களுக்கே நன்கு பயன்படும். மற்றவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. பையின் துடிப்பை அடக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. கணுக்காலுக்கு அருகே ஓடும் நரம்பை மின்னால் தூண்டும் முறை இருக்கிறது. பையின் சுவரில் போட்டுலினம் என்னும் மருந்தை ஊசியால் செலுத்துவதும் உண்டு. தேக்கம் உள்ளவர்கள் நாளில் சில முறை தாமே மெல்லிய ரப்பர்க் குழாயைச் செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டுக் குழாயை எடுத்துவிடலாம். சுத்தமான கையும் சுத்தமான குழாயும் இருந்தால் இதனை வீட்டிலேயே செய்யலாம் என்று அமெரிக்க மருத்துவர் லாப்பிடஸ் 1972-இல் எடுத்துக்காட்டினார். அதற்குப் பின் உலகெங்கும் எண்ணற்றோரின் சிறுநீரகங்கள் காப்பாற்றப்பட்டன. காய்ச்சல், எரிச்சல், சிறுநீரில் இரத்தம், சிறுநீர் அறவே வராமை ஆகியவை தோன்றினால் பயிற்சியை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேலூர் காட்டிய வழி

நோய் தீராவிட்டாலும் வாழ்வு திரும்பலாம் என்பதுதான் மறுவாழ்வு மருத்துவத்தின் அடிப்படை. அதனை நம் தமிழ்நாட்டில் நாட்டிக் காட்டியவர் மருத்துவர் மேரி வர்கீஸ். கேரளத்தில் பிறந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இவர், 1954-இல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் முறிந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் அவர் தலைமையில் தொடங்கியது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986-இல் காலமானார்.

அவர் விபத்துக்குள்ளான காலத்தில், தண்டுவடம் முறிந்தவர்களின் உயிரைப் பெரிதும் பறித்தது சிறுநீர்த் தேக்கத்தால் வரும் சிறுநீரகக் கேடுதான். எனவே தண்டுவட மறுவாழ்வில் நடை பழக்குவதற்கு நிகராகச் சிறுநீர்ப் பழக்கமும் இடம்பெறலாயிற்று. தண்டுவடக் காயத்தில் கற்ற பாடங்களே மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கும் கைகொடுக்கின்றன. நோயாளியைக் குறைவாக எண்ணாமல், அவரையே தம் உடலின் மாணவராக்குவது இம்முறையின் சிறப்பு.

வேலூர் நமக்குத் தொலைவு என்று சொல்லலாம். தருமபுரியிலேயே 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2004 வரை நம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி என்னும் சிற்றூரில்தான் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் தமிழக அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுப்பதோடு, நடமாட இயலாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சை தருவதும் அதில் சேர்க்கப்பட்டது. வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவரிடம் முழங்காலைக் காட்டும்போது சிறுநீர்த் தொல்லையையும் சொல்லலாம். அவர் தாமாகக் கேட்கத் தயங்குவார். நாம்தான் சொல்ல வேண்டும்.

சட்டமும் துணைநிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதுவரை ஏழாக இருந்த மாற்றுத்திறன் வகைகளை இருபத்தொன்றாக்கியது. அவற்றுள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் ஒன்று. நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு உண்டெனச் சான்று பெற்றவர்களுக்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை அச்சட்டம் ஒதுக்கச் சொல்கிறது. நோயாளிகளுக்கு உதவ இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் 1985 முதல் இயங்கிவருகிறது. சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு.

நாம் செய்ய வேண்டியது

இந்நோய் நம்மில் மிகச் சிலருக்கே வரலாம். ஆனால் சிறுநீர்க் கசிவு என்னும் தொல்லை மிகச் சிலருக்குரியதன்று. பிள்ளை பெற்ற தாய்மார்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், புராஸ்டேட் அறுவை செய்துகொண்ட முதியவர்கள் எனப் பலர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர்க்கு முதற்சிகிச்சையாகச் சொல்லப்படுவதும் இதே அடித்தளத் தசைப் பயிற்சிதான். அது தெரியாமல் திருமணத்துக்குப் போவதை நிறுத்தியவர்களும், கோயிலுக்குப் போவதை நிறுத்தியவர்களும், ஒரு பேருந்துப் பயணத்துக்கு அஞ்சி மருத்துவமனைக்கே போகாதவர்களும் உள்ளனர்.

நம் கல்லூரியில் பயிலும் நம்மில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள். மருத்துவச் சீட்டைப் படித்துச் சொல்வதும், ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்பது என்று விசாரிப்பதும் வீட்டில் நம் வேலையாகிவிட்டது. அப்படியிருக்க, அம்மாவோ அத்தையோ பாட்டியோ வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை நாமே மெதுவாகக் கேட்டறிவதும் நம் கடமையில் சேரும். விலங்கியல் பாடத்தில் சிறுநீர்ப்பையின் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கினால் மட்டும் போதாது. அந்தப் படத்தை வீட்டில் ஒருவருக்கு விளக்கி, 'இது வெட்கப்பட வேண்டியதில்லை, பழக்கினால் சரியாகக்கூடியது, வாருங்கள், மருத்துவரிடம் கேட்போம்' என்று நாம் சொல்லும் நாளில்தான் நாம் கற்ற அறிவியல் வீட்டுக்குள் வந்து சேர்ந்ததாகும்.